பழைய ஜன்னலுக்கு ஒரு துணை

சாலை இரைச்சல் தாங்காமல் பாரம்பரிய வீடுகளின் தேக்கு ஜன்னல்கள் பெயர்த்தெடுக்கப்படுகின்றன. அவற்றைத் தொடாமல் உட்புறம் இன்னொரு ஜன்னல் வைக்க வழி இருக்கிறது. ஆனால் மேலைநாட்டுப் பாடத்தை அப்படியே காப்பியடித்தால் சிக்கல்தான்.

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிறது ஹெப்பகோடி. ஒரு காலத்தில் ஆனேக்கல் தாலுகாவின் சாதாரணக் கிராமம். பயோகானும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் அதை நகரமாக்கிவிட்டன. 2010 ஜனவரியில் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் வழித்தட மெட்ரோ திறக்கப்பட்டது. 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். அவற்றில் ஒன்று ஹெப்பகோடியில் இருக்கிறது. தலைக்கு மேல் ரயில், கீழே தமிழ்நாட்டுக்குப் போகும் லாரிகள். இந்தச் சாலை நள்ளிரவிலும் தூங்குவதில்லை.

சாலையோரப் புதிய கட்டடங்களுக்கு இதனால் பெரிய கவலை இல்லை. திறக்கவே முடியாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவர்களுக்கான சரக்கும் இதே சாலையில்தான் கிடைக்கிறது. ஓசூர் ரோடு நெடுக அலுமினிய ஜன்னல் கடைகள், யு.பி.வி.சி. ஜன்னல் கடைகள். சிக்கல் என்னவென்றால், இத்தகைய கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் புது வீடு கட்டுகிறவர்கள் அல்ல. பசவனகுடியிலோ ரிச்மண்ட் டவுனிலோ பாட்டன் கட்டிய வீட்டை வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். வாசல் தெரு இன்று பிரதான சாலையாகிவிட்டது. ராத்திரி தூக்கமில்லை. காலையில் துடைத்த மேஜையில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம். கடைக்காரர் தரும் பதில் ஒன்றுதான்: பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, ரப்பர் பட்டை வைத்த வெள்ளை பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் பொருத்துவது.

வேலை இரண்டே நாளில் முடிந்துவிடும். இரைச்சலும் குறையும். ஆனால் வீட்டின் முகம் போய்விடும்.

பெங்களூர்ப் பழைய பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளின் அடையாளமே ஜன்னலுக்கு மேல் குல்லாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை மரக்கூரைதான். மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக நிறுத்தி, நுனிகளைக் கூராகச் சீவிச் செய்த வேலைப்பாடு. ஊரார் அதற்கு வைத்த பெயர் மங்கி டாப். பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. ஃபேன் இல்லாத காலத்துத் தொழில்நுட்பம். அதன் கீழே புதிதாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னலை வைத்தால், பட்டு வேட்டிக்கு மேல் மழைக்கோட்டு மாட்டியது போலிருக்கிறது. பல இடங்களில் ஜன்னலோடு சேர்த்து மங்கி டாப்பையும் இறக்கிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதே சங்கடத்துக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. பெரும்பாலானவை அரண்மனைகள் அல்ல. மக்கள் குடியிருக்கும் வீடுகள். பட்டியலில் உள்ள வீட்டின் ஜன்னலை மாற்ற 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது. எனவே பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, அறைக்குள் சில அங்குலம் தள்ளி மெல்லிய சட்டத்தில் இன்னொரு கண்ணாடி ஜன்னல் பொருத்துவது வழக்கமாயிற்று. தெருவில் நின்று பார்த்தால் ஏறக்குறைய தெரியாது. வேண்டாமென்றால் நாலு திருகாணியைக் கழற்றினால் போதும், வீடு பழையபடி. அடுத்த தலைமுறை மனம் மாறினால் திரும்ப வழி இருக்கிறது என்பதால்தான் பாரம்பரியக் கட்டட நிபுணர்கள் இதற்குத் தலையசைக்கிறார்கள்.

அங்கே இதற்கு அரசாங்கப் பணமும் கிடைத்திருக்கிறது என்பது சுவையான செய்தி. புது நெடுஞ்சாலை போட்டு அதனால் ஒரு வீட்டில் இரைச்சல் 68 டெசிபல் அளவை எட்டினால், தகுதியுள்ள அறைகளுக்குச் சாலை போட்டவர்களே உள் ஜன்னல் வைத்துத் தரவேண்டும் அல்லது செலவைத் தரவேண்டும் என்று 1975ல் அங்கே விதி எழுதினார்கள். ஜன்னலை மூடினால் காற்று வேண்டுமே என்று விசிறி வைத்த காற்றுத் துவாரத்தையும் அதில் சேர்த்தார்கள். சாலையைப் பெரிதாக்கிவிட்டு, சத்தத்தைச் சகித்துக்கொள்வது குடியிருப்பவர் பாடு என்று விட்டுவிடும் நம் ஊர் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குளிர் விஷயத்திலும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பாரம்பரியக் கட்டடத் துறைக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஒரு பழைய மரஜன்னலைச் சோதித்தது. முடிவுகள் 2008ல் வெளிவந்தன. ஒற்றைக் கண்ணாடி வழியே வெளியேறும் வெப்பத்தை உள் ஜன்னல் 63 சதவீதம் குறைத்தது. கனத்த திரைச்சீலையால் 14 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் அந்தக் காலத்து மரக்கதவை மூடியபோதே 51 சதவீதம் குறைந்தது. பழைய தச்சர்கள் செய்துவைத்ததற்குக் காரணம் இருந்தது என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது.

நமக்குள்ள முதல் எச்சரிக்கையும் இங்கேதான். அங்கே உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பதுதான் பிரதான நோக்கம். பெங்களூரில் குளிர்காலத்து இரவு 15 டிகிரி. அதற்காக யாரும் ஜன்னலுக்குச் செலவு செய்யப் போவதில்லை. வெயிலோ கூடிக்கொண்டே போகிறது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தது. ஆகவே இந்தியாவில் உள் ஜன்னல் என்றால் முதலில் சத்தத்துக்காக, அடுத்துத் தூசிக்காக. மூன்றாவதாக ஏர்கண்டிஷனர் வைத்த அறைக்காக. இந்த மூன்றாவதில்தான் மேலைநாட்டுப் பாடம் தலைகீழாகிறது.

ஆனால் யோசனை நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். காஷ்மீரில் மரச்சட்டங்களைக் கோத்துச் செய்யும் பிஞ்ச்ரா ஜன்னல் வேலைப்பாடு பிரசித்தம். கண்ணாடி பரவாத காலத்தில், பனிக்காலம் வந்தால் அந்தப் பின்னலின் மேல் காகிதம் ஒட்டிவிடுவார்கள். வெளிச்சம் வரும், காற்று வராது. வெயில் வந்ததும் கிழித்துவிடுவார்கள். அழகை அழிக்காமல், பருவத்துக்கு மட்டும் இரண்டாவது தடுப்பு. ஊட்டியில் பல பழைய வீடுகளின் வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டிருப்பதும் இதே ரகம்தான். அறைக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே ஒரு காற்று அடுக்கு.

சத்தத்தை நிறுத்துவது எது?

உள் ஜன்னலின் வேலையைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் போதும். ஒன்று ஓட்டை. இன்னொன்று இடைவெளி.

சத்தம் தண்ணீர் மாதிரி. சந்து கிடைத்தால் புகுந்துவிடும். ஜன்னலின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும். கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. இது கணக்கு, யாராலும் மாற்ற முடியாது. நூறாண்டு கண்ட ஜன்னலில் கீல் இறங்கி, கதவு சாய்ந்து, நடுவில் பென்சில் நுழையும் அளவு சந்து இருக்கும். எனவே புது ஜன்னல் வாங்கும் முன் பழைய ஜன்னலைச் சரிசெய்ய வேண்டும். கீலை மாற்றி, கதவைத் தூக்கி நிறுத்தி, உதிர்ந்த புட்டியைப் புதுப்பித்து, நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிந்த பிளவைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். நல்ல தச்சர் கிடைத்தால் சில நாள் வேலை. இதைச் செய்த பிறகு உள் ஜன்னலே தேவையில்லை என்று முடிவெடுக்கும் வீடுகளும் உண்டு. ஜன்னல் விற்கும் கடைகள் இதைச் சொல்வதில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது இடைவெளி. கடையில் கிடைக்கும் இரட்டைக் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்தான் இருக்கும். வெப்பத்தைத் தடுக்க அது போதும். லாரியின் உறுமல் போன்ற அடித்தொண்டைச் சத்தத்துக்கு அது போதாது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று அசைத்துச் சத்தத்தைக் கடத்திவிடுகின்றன. இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டும்போதுதான் உண்மையான பலன். 150 முதல் 200 வரை இருந்தால் இன்னும் நல்லது. இங்கேதான் பழைய வீட்டுக்கு அதிர்ஷ்டம். அந்தக் காலத்துச் சுவர் ஒன்றரை அடி கனம். நிலைக்கு உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. இன்றைய அடுக்குமாடி வீட்டின் ஆறங்குலச் சுவரில் எவ்வளவு பணம் கொட்டினாலும் கிடைக்காத இடம் அது. அந்த வகையில், ஓசூர் ரோட்டு இரைச்சலைச் சமாளிக்கப் புது ஃப்ளாட்டைவிடப் பழைய பங்களாவுக்கே தகுதி அதிகம்!

மற்ற நுணுக்கங்களும் உண்டு. இரண்டு கண்ணாடிகளும் ஒரே கனத்தில் இருக்கக்கூடாது. ஒரே கனமானால் இரண்டும் ஒரே ஸ்வரத்துக்கு அதிர்ந்து சத்தத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. வெளியே பழைய 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் உள்ளே 6 மில்லிமீட்டர் போடலாம். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய கண்ணாடி இன்னும் சிறப்பு. அது உடைந்தாலும் சிதறாது. இடைவெளியின் பக்கச் சுவர்களில் சத்தத்தை உறிஞ்சும் பலகையை ஒட்டினால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால், மூடிய ஒற்றைக் கண்ணாடி 25 டெசிபல் தடுக்கும் இடத்தில் 40 டெசிபல் அல்லது அதற்கும் மேல் தடுக்கலாம். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும்.

இது சொகுசு விஷயம் அல்ல. 2000ஆம் ஆண்டு வந்த இந்திய ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அனுமதி. படுக்கையறைக்குள் 30க்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ல் சொன்னது. பெருஞ்சாலையை ஒட்டிய வீட்டுக்கு இந்த எண்களைப் படித்துக் காட்டினால் சிரிப்புதான் வரும். தூக்கம் கெட்ட குடும்பம் வீட்டை விற்கிறது. வாங்குகிறவர் வாங்குவது நிலத்தை, வீட்டை அல்ல. பெங்களூரில் பழைய பங்களாக்கள் மறைந்துபோன கதையில் நில விலைக்கு முதலிடம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் குடியிருக்க முடியவில்லை என்ற அலுப்புக்கும் அதில் பங்குண்டு.

கம்பியும் கொசுவும்

இங்கிலாந்து வரைபடத்தை நம் வீட்டுச் சுவரில் வைத்தால் முதலில் இடிப்பது ஜன்னல் கம்பி. அவர்களது ஜன்னல் மேலும் கீழும் நகர்வது. கம்பி கிடையாது. நம்முடையது வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு, நடுவில் நிலையோடு பதித்த இரும்புக் கம்பி. வெளிக்கதவைச் சாத்த வேண்டுமானால் கம்பிக்குள் கையை விட்டுக் கொண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே அசையாத கண்ணாடியை வைத்துவிட்டால் மழை வரும்போது வெளிக்கதவை எப்படிச் சாத்துவது? எனவே உள் ஜன்னல் அறைக்குள் திறக்கும் கதவாக இருப்பதே நம் வீடுகளுக்கு உகந்தது. பக்கவாட்டில் நகரும் ஜன்னல் வசதியாகத் தோன்றும். ஆனால் நகர்வதற்கு வேண்டிய சந்தே சத்தத்துக்கும் வழியாகிவிடுகிறது. கீல் வைத்த கதவை ரப்பர் பட்டையில் அழுத்திச் சாத்துவது போல் அது ஒருபோதும் மூடாது.

மலிவான வழியும் இருக்கிறது. மெல்லிய அக்ரிலிக் தகட்டின் ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டி, நிலையில் ஒட்டிய இரும்புப் பட்டையின் மேல் பொருத்திவிடலாம். ஃப்ரிட்ஜ் கதவின் தத்துவம்தான். வேண்டாதபோது கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். தூசிக்கு நல்லது. சத்தத்துக்கு ஓரளவு. அக்ரிலிக்கில் கீறல் விழும், நாளாவட்டத்தில் மங்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது என்று சொல்லலாம்.

கொசுவலையையும் மறக்கக்கூடாது. மாலையில் ஜன்னலைத் திறக்கும் வீட்டுக்கு வலை அவசியம். உள் சட்டத்திலேயே கண்ணாடிக்கு ஒரு கதவு, வலைக்கு ஒரு கதவு என்று செய்யச் சொன்னால் நல்ல பட்டறைகள் செய்து தருகின்றன. சட்டம் மெலிதாக இருப்பது முக்கியம். தடித்த வெள்ளைச் சட்டம் வைத்தால் உள்ளிருந்து பார்க்கும்போது பழைய ஜன்னல் சிறையில் இருப்பது போல் தெரியும். பழைய ஜன்னலின் நடுச்சட்டம் எங்கே வருகிறதோ அதே கோட்டில் புதியதன் சட்டமும் வந்தால் கண்ணை உறுத்தாது. சட்டத்தை மரநிலையில் சிறிய திருகாணியால் பிணைக்கலாம். செதுக்கு வேலை உள்ள இடத்தில் துளையிடக் கூடாது. சிலிக்கோன் பசையை வழித்து அப்பவும் கூடாது. பின்னால் எடுக்கும்போது பழைய வார்னிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

காற்று விஷயம் இதைவிடப் பெரிது. மங்கி டாப்புக்குப் பின்னாலும், கூரைக்கு அருகில் கயிறு கட்டி இழுக்கும் வென்டிலேட்டர் வழியாகவும் அந்த வீடுகள் நாள் முழுதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ரப்பர் பட்டை வைத்து அடைத்தால் நாலு பேர் படுத்த அறையில் விடிவதற்குள் காற்று கெட்டுவிடும். சுவரில் ஈரம் பூக்கும். சாலைப் பக்கத்து ஜன்னல்களுக்கு மட்டும் உள் ஜன்னல் வைத்துவிட்டு, தோட்டத்துப் பக்க வென்டிலேட்டரைத் திறந்து வைப்பதே எளிய வழி. அதுவும் இரவில் மட்டும் மூடினால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேஸ் கீசர் வைத்த குளியலறையின் காற்று வழியை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. உயிரே போய்விடும்.

வியர்க்கும் கண்ணாடி

பெங்களூரிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் சாய்வுப் பட்டிகள் கோத்த மரக்கதவுகள். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கும் வண்ணக் கண்ணாடியும். இரண்டு இடங்களிலும் பல வீடுகள் விடுதிகளாகிவிட்டன. விடுதி என்றால் ஏர்கண்டிஷனர். பட்டிக் கதவின் இடுக்கு வழியே குளிர்ந்த காற்று தெருவுக்குப் போகிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. எனவே உட்புறம் கண்ணாடி.

இங்கிலாந்தில் குளிர் வெளியே, ஈரம் உள்ளே. சமையலிலும் குளியலிலும் எழும் ஆவி, குளிர்ந்த வெளிக்கண்ணாடியில் பட்டு நீராகும். அதனால் உள் ஜன்னலை இறுக்கமாகவும் வெளி ஜன்னலைச் சற்று மூச்சு விடும்படியும் வைப்பது அங்கே விதி. நம் கடற்கரையில் ஈரம் வெளியே, குளிர் உள்ளே. மழைக்காலப் புழுக்கத்தில் வெளிக்காற்று ஜன்னல் இடைவெளிக்குள் புகுந்து, ஏர்கண்டிஷனரால் குளிர்ந்த உள் கண்ணாடியின் வெளிமுகத்தில் வியர்வையாக வழிகிறது. ஐஸ் போட்ட சர்பத் டம்ளரை வெளியே வைத்தால் என்ன ஆகிறதோ அதேதான். வழிந்த நீர் தங்குவது நூறாண்டுத் தேக்கு நிலையின் அடிக்கட்டையில். கைக்கு எட்டாத இடைவெளி என்றால் பூசணமும் கரையானும் யாரும் பார்க்காமல் வேலையை முடித்துவிடும். பழைய ஜன்னலைக் காப்பாற்ற வைத்த துணையே அதற்கு எமனாகிவிடும்.

மருந்து எளியதுதான். தெர்மாஸ்டாட்டை 18ல் வைக்காமல் 25, 26ல் வைத்தால் கண்ணாடி அவ்வளவு குளிராது. உள் ஜன்னலைத் திறந்து இடைவெளியைத் துடைக்க முடிய வேண்டும். நிலையின் அடிக்கட்டையில் நீர் வெளியே ஓட ஒரு சரிவு இருக்க வேண்டும்; பழைய ஜன்னல்களில் பெரும்பாலும் இருக்கும், பெயிண்ட் அடித்து அடித்து மூடியிருப்பார்கள். மேற்கு வெயில் படும் ஜன்னலில், வெளியே உள்ள பட்டிக் கதவைச் சாத்தி வைப்பதே முதல் வைத்தியம். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே மரம் தடுத்துவிடுகிறது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே இரட்டைக் கண்ணாடி போட்டுப் பயனில்லை. இடைவெளியே அடுப்பாகிவிடும்.

இந்த நுணுக்கத்தைச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்ட ஊர் சிங்கப்பூர். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த லிட்டில் இந்தியா அங்கே 1989ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் உள்ள கடைவீடுகளின் மர ஜன்னல்களை எடுக்க முடியாது. பழுது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏர்கண்டிஷனர் வேண்டும் என்பவர்கள் அந்த மர ஜன்னலுக்குப் பின்னால் தெளிந்த கண்ணாடியில் இரண்டாவது ஜன்னல் வைத்துக்கொள்ள நகர்ப்புற மறுமேம்பாட்டு ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் இடம் தருகின்றன. வீட்டுக்காரருக்கு வசதி, தெருவுக்கு அதன் பழைய முகம். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்தியாவில் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தது அபூர்வம். முதலில் முயன்றது பம்பாய். 1995ல் அங்கே வந்த பாரம்பரியக் கட்டட விதிகள் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தன. முதல் தரத்தில் உள்ளும் புறமும் தேவையின்றி எதையும் தொடக்கூடாது. இரண்டாம் தரத்தில் உள்மாற்றங்களுக்கு இடமுண்டு. இந்தப் பிரிவினைப்படி பார்த்தால், உள் ஜன்னல் இரண்டாம் தர வீட்டில் பெரிய விவகாரமே அல்ல. முதல் தர வீட்டில் கமிட்டியிடம் போக வேண்டும். தொல்பொருள் துறையின் நினைவுச்சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் வீடு இருந்தால் 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குறுக்கிடும். பெங்களூரில் திப்புவின் கோடை அரண்மனையைச் சுற்றியிருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பழக்கமானது. புதுக் கட்டுமானத்துக்கு அங்கே தடை. பழுது பார்ப்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

இந்த வளையங்களுக்குள் வராத பழைய வீடுகள்தான் ஏராளம். அவற்றுக்குக் காவல் வீட்டுக்காரரின் மனசு மட்டுமே. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் ஜன்னல்களும் சாத்தி வைக்கப்பட்டு விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு வீட்டிலிருந்து பெயர்த்த ஜன்னல், வேறொரு ஊரின் புது ரெஸ்டாரண்டில் அலங்காரமாகத் தொங்கும். பழைய ஜன்னலுக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது இருந்த இடத்தில்தான் மதிப்பு இல்லை.

கண்ணாடிக்கும் இது பொருந்தும். 1959ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையை அறிவித்தது. அதற்கு முந்தைய கண்ணாடி முழுச் சமதளமாக இருக்காது. வெளியே நடப்பவர் லேசாக நெளிந்து தெரிவார். அந்த நெளிவுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். இன்று ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் ஓடும் தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடி குளத்து நீர் போல் தட்டையானது. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய கண்ணாடி ஒன்று உடைந்தால் அதே போல் இன்னொன்று வாங்க முடியாது. உள் ஜன்னலின் சத்தமில்லாத நன்மை இதுவே. புதிய கண்ணாடி உள்ளே நின்று உழைக்கிறது. பழையது வெளியே நின்று முகம் காட்டுகிறது.

செலவு? முழு ஜன்னலையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் மிச்சம்தான். பெயர்க்கிற கூலி இல்லை, சுவர் உடைசல் இல்லை, பூச்சு வேலை இல்லை. சீல் வைத்த இரட்டைக் கண்ணாடியில் இருபது ஆண்டு அளவில் சீல் விட்டு உள்ளே மூட்டம் கட்டினால் அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். தேக்கு ஜன்னலில் கீல் போனால் கீலை மட்டும் மாற்றுகிறோம். மேலும், எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சாலையைப் பார்த்த படுக்கையறையில் இரண்டு ஜன்னலை முதலில் செய்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியவிட்டு, இடைவெளியில் ஈரம் தங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடலாம். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் போட்டோ எடுத்து, கழற்றும் கொண்டிகளையும் கீல்களையும் ஜன்னல்வாரியாகப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பித்தளைக் கொண்டி ஒன்று தொலைந்தால் அதற்கு ஜோடி தேடி அலைவதற்குள் ஒரு புது ஜன்னலே வாங்கிவிடலாம்.